டோட்டா 2 உலகப் போட்டி: திருகோணமலையில் இருந்து பார்ப்போரும் விளையாடுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தி இன்டர்நேஷனல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் நகரப் பக்கம், உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா என்று எல்லாத் திசையில் இருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பாதி பார்ப்பது பற்றி, மீதி விளையாடுவது பற்றி. இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். உங்களுக்கு வேண்டியதை மட்டும் வாசித்தாலும் காணும்.

தி இன்டர்நேஷனல் என்பது என்ன போட்டி?

டோட்டா 2, ஐவருக்கு எதிராக ஐவர் விளையாடும் கணினி விளையாட்டு. அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் உலகப் போட்டிதான் இது. சுருக்கமாக 'டிஐ' என்பார்கள். முதல் போட்டி 2011 ஓகஸ்டில் ஜேர்மனியின் கொலோன் நகரில் 16 அணிகளுடன் நடந்தது. யுக்ரேனின் நாவி அணி சீனாவின் ஈஹோமை 3-1 என்று வென்று 10 இலட்சம் டொலரைக் கொண்டுபோனது. அடுத்த ஆறு ஆண்டுகள் சியாட்டில், பிறகு 2018இல் வன்கூவர், 2019இல் ஷங்காய். 2020இல் கொவிட் காரணமாக நடக்கவில்லை. 2021இல் புக்கரெஸ்டில் பார்வையாளர் இல்லாத அரங்கில் நடத்தினார்கள். 2022இல் சிங்கப்பூர், அதன்பின் சியாட்டில், கொப்பன்ஹேகன், 2025 செப்டெம்பரில் ஹம்பர்க். ஹம்பர்க் இறுதியில் ஃபல்கன்ஸ் அணி எக்ஸ்ட்ரீம் கேமிங்கை 3-2 என்று வென்றது. 2026 ஓகஸ்டுக்கு மீண்டும் ஷங்காய் என்று அறிவித்திருக்கிறார்கள்.

கிண்ணத்தை இரண்டு முறை தூக்கிய அணிகள் மூன்றுதான்: ஓஜி (2018, 2019), டீம் ஸ்பிரிட் (2021, 2023), டீம் லிக்குவிட் (2017, 2024).

மகன் இரவிரவாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இதெல்லாம் ஒரு விளையாட்டா?

இலங்கையில் 2019இல் மின்விளையாட்டு விளையாட்டுத் துறைகளில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டது. 2023இல் ஹங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் டோட்டா 2க்குப் பதக்கமே கொடுத்தார்கள்: தங்கம் சீனா, வெள்ளி மொங்கோலியா, வெண்கலம் மலேசியா. ஆக, விளையாட்டுத்தான்.

ஆனால் இதை நம்பிச் சோறு சாப்பிடுகிறவர்கள் உலகம் முழுவதிலுமே சில நூறு பேர்தான். ரியூசனை விட்டுவிட்டு இதில் இறங்கச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. பெற்றோர் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. ஒரு ஆட்டம் 35 முதல் 45 நிமிடம் ஓடும், சிலது ஒரு மணித்தியாலத்தையும் தாண்டும். நினைத்தபடி நீண்ட நேரம் நிறுத்தி வைக்க முடியாது. நடுவில் எழும்பினால் மற்ற நான்கு பேரின் ஆட்டமும் கெடும், கணக்குக்கும் தண்டனை விழும். 'உடனே சாப்பிட வா' என்று கூப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும். 'இந்த ஆட்டத்தோடு எழும்பு, அடுத்தது தொடங்காதே' என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் எழும்பாவிட்டால் பிழை பிள்ளையுடையதுதான்.

பரிசு கோடிக்கணக்கில் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. 2013இல் வால்வ் 10 டொலர் விலையில் 'கொம்பெண்டியம்' என்ற எண்ணிமப் புத்தகத்தை விற்று, ஒவ்வொன்றிலும் 2.50 டொலரைப் பரிசில் சேர்த்தது. ரசிகர்கள் வாங்க வாங்கப் பரிசு ஏறியது. 2011இல் 16 இலட்சம் டொலராக இருந்தது, 2021இல் 4 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு முதலிடத்துக்கு மட்டும் 1 கோடியே 82 இலட்சம் டொலர். 2023இல் வால்வ் அந்தப் பெரிய விற்பனை முறையைக் கைவிட்டதும் மொத்தப் பரிசு 30 இலட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அந்த வீழ்ச்சியை வைத்து 'டோட்டா செத்துவிட்டது' என்று முகநூலில் எழுதுகிறவர்களைக் கணக்கெடுக்காதீர்கள். பரிசு குறைந்தது விற்பனை முறை மாறியதால். ஆட்டத்தின் தரம் குறையவில்லை.

பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வெளிச்சம் பாய்வதையும் வெடிப்பதையும் முதலில் பார்க்காதீர்கள். கண் திரையின் கீழ் மூலையில் உள்ள சிறுவரைபடத்தில் இருக்கட்டும். ஒரு மூலையில் 'ரேடியன்ட்' பக்கத்தின் தளம், எதிர் மூலையில் 'டயர்' பக்கத்தின் தளம். இரண்டையும் மூன்று பாதைகள் இணைக்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் 11 கோபுரங்கள். அவற்றைக் கடந்து எதிராளியின் தளத்துக்குள் இருக்கும் 'ஏன்ஷன்ட்' என்ற கட்டடத்தை உடைத்தவர் வென்றவர். எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பது வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. கொலைக் கணக்கில் பின்தங்கிய அணி வெல்வது சாதாரணம்.

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது கெதியாகப் பிடிபடும். மறிப்பவர்கள் தங்கள் கோட்டை விட்டு நகர மாட்டார்கள், கிளி மட்டும் நடுக்கோட்டில் ஓடி எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் நிற்கும். டோட்டாவில் ஐவருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை இடம் உண்டு. நடுப்பாதையில் விளையாடும் இரண்டாம் இடத்தவரும் நான்காம் இடத்தவரும் ஏறக்குறைய அந்தக் கிளி வேலைதான் பார்க்கிறார்கள். முதலாம் இடத்தவர் 'கேரி': ஆரம்பத்தில் பலவீனம், காசு சேரச் சேர பலம். மூன்றாம் இடத்தவர் எதிராளியின் கேரிக்குத் தொல்லை கொடுக்கிறவர். ஐந்தாம் இடத்தவருக்குக் காசே கிடைக்காது. வார்ட் (எதிராளியின் நடமாட்டத்தைக் காட்டும் பொருள்) நட்டு, மற்றவர்களுக்காகச் சாவதே அவர் பிழைப்பு. நல்ல அணியைப் பெரும்பாலும் அந்த ஐந்தாமவர்தான் தலைமை தாங்குகிறார். கைகள் குறைவாக வேலை செய்வதால் மூளைக்கு நேரம் கிடைக்கிறது.

ஆட்டம் தொடங்க முன்னர் பத்து நிமிடம் படங்களைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்களே, அதைத் தாண்டி விடலாமா?

தாண்டாதீர்கள். அதுதான் டிராஃப்ட். உலகப் போட்டியில் அரைவாசி ஆட்டங்கள் அந்தப் பத்து நிமிடத்திலேயே சாய்ந்துவிடுகின்றன என்பது எங்கள் கருத்து.

ஆட்டக்காரர் இயக்கும் பாத்திரத்துக்கு 'ஹீரோ' என்று பெயர். 120க்கும் மேற்பட்ட ஹீரோக்களில் இருந்து இரு அணிகளும் மாறிமாறி 14 பேரைத் தடை செய்து (பேன்), 10 பேரைத் தேர்ந்தெடுக்கும் (பிக்). ஒரே தடவையில் நடப்பதில்லை: 7 பேன், 2 பிக், 3 பேன், 6 பிக், 4 பேன், 2 பிக். புதிய பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) வந்தால் இந்த வரிசை மாறலாம், தத்துவம் மாறாது. முதலில் எடுப்பவருக்கு அன்றைக்குப் பலமான ஹீரோ கிடைக்கும். கடைசியாக எடுப்பவருக்கு எதிராளியின் முழுத் திட்டத்தையும் பார்த்துவிட்டு முறியடிப்பவரை இறக்கும் வசதி. அதனால்தான் ஒரு அணி பக்கத்தைத் தேர்ந்தால் மற்ற அணி பிக் வரிசையைத் தேர்கிறது.

பார்க்கும்போது மூன்று விடயத்தைக் கவனியுங்கள். கடைசி 4 பேன் யாருக்கு எதிராகப் போகிறது? அது அநேகமாக எதிராளியின் நடுப்பாதையையோ கேரியையோ குறிவைக்கும். இரண்டு இடத்தில் விளையாடக்கூடிய ஹீரோவை முன்கூட்டியே எடுத்து எதிராளியைக் குழப்புகிறார்களா? நீண்ட ஆட்டத்துக்குப் பலமான அணி எது? 40 நிமிடத்துக்குப் பிறகு பலம் பெறுகிற டிராஃப்ட், 25ஆவது நிமிடத்தில் 5,000 காசு பின்னால் நின்றால் பதற்றப்படத் தேவையில்லை. மற்றப் பக்கம்தான் பதற்றப்பட வேண்டும்.

குழப்புவதற்கு நல்ல உதாரணம் 2019 ஷங்காய் இறுதி. 'ஐயோ' என்று ஒரு ஹீரோ. பெயரைக் கேட்டு நம் ஆக்கள் சிரிக்காத நாளில்லை. வழமையாக அது மற்றவருக்கு உயிர் ஊட்டும் துணை ஹீரோ. ஓஜி அதையே கேரியாக விளையாடி லிக்குவிட்டை வென்றது. துணையாக வருமா கேரியாக வருமா என்று தெரியாமலே எதிராளி பேன் செய்ய வேண்டியிருந்தது. ஐயோ என்றது அவர்கள்தான்.

ரோஷான் செத்ததும் வர்ணனையாளர்கள் ஏன் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்?

ரோஷான் வரைபடத்தில் ஒரு குகைக்குள் நிற்கும் பெரிய மிருகம். அதைக் கொன்றால் 'ஏஜிஸ்' கிடைக்கும். அதை வைத்திருப்பவர் செத்தால் ஒருமுறை அதே இடத்தில் எழும்புவார். ஏஜிஸ் 5 நிமிடம்தான் நிற்கும். ரோஷான் மீண்டும் வருவது 8 முதல் 11 நிமிடத்துக்குள், சரியாக எப்போது என்று யாருக்கும் தெரியாது. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பாருங்கள். ஆட்டக் கடிகாரத்தில் 22:10க்கு ரோஷான் செத்தால் ஏஜிஸ் 27:10க்கு முடியும். அடுத்த ரோஷான் 30:10க்கும் 33:10க்கும் நடுவில். 27:10 வரை ஏஜிஸ் உள்ள அணி கோபுரங்களில் மோதும், மற்றது ஓடி ஒளியும். 30:10 நெருங்க இரண்டு அணியும் குகை வாசலில் வார்ட் நடும். பெரிய சண்டைகள் பல அந்த மூன்று நிமிடத்துக்குள்தான் வெடிக்கின்றன.

2015 இறுதியின் நான்காம் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். சிடெக் அணி ரோஷானைக் கொல்லக் குகைக்குள் நெருக்கமாக நின்றது. ஈவில் ஜீனியசஸ் அணியின் 'ஏன்ஷன்ட் அப்பரிஷன்' என்ற ஹீரோ தூரத்தில் இருந்து பனிக்குண்டை எறிந்தது. அது பட்டவருக்கு உயிர் ஊறாது, உயிர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அப்படியே உடைந்து போவார். உடனே அதே அணியின் இன்னொரு ஹீரோ எர்த்ஷேக்கர் உள்ளே பாய்ந்து 'எக்கோ ஸ்லாம்' அடித்தது. அந்த அடி, பக்கத்தில் எதிராளிகள் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை மடங்கு எதிரொலிக்கும். குகை சிறியது, ஆட்கள் கூட. பனி, நெருக்கம், எதிரொலி மூன்றும் ஒரே நொடியில் பொருந்தின. ஈவில் ஜீனியசஸ் கிண்ணம் வென்றது. கராச்சியில் பிறந்த 16 வயது சுமெயில் அந்த அணியின் நடுப்பாதையில் விளையாடினார்.

சுவிஸ் சுற்று என்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது?

ஹம்பர்க்கில் 16 அணிகள், 5 சுற்றுகள், ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டிய தொடர். ஒரே வெற்றிக் கணக்கில் நிற்கும் அணிகள் தங்களுக்குள் மோதும். நான்கு வென்றால் நேரே உள்ளே, நான்கு தோற்றால் வீட்டுக்கு.

முதல் சுற்று முடிய 8 அணி 1-0, 8 அணி 0-1. நான்காம் சுற்று முடிய ஒரு அணி 4-0, நான்கு அணி 3-1, ஆறு அணி 2-2, நான்கு அணி 1-3, ஒன்று 0-4. ஐந்தாம் சுற்றில் 3-1 அணிகளில் இரண்டு நான்காவது வெற்றியைப் பெறும். 1-3 அணிகளில் இரண்டு வெளியேறும். ஆக மூன்று அணி நேரே உள்ளே, மூன்று வெளியே, நடுவில் பத்து. அந்தப் பத்தும் ஐந்து சோடியாக மோதி ஐந்து தப்பும். மூன்றும் ஐந்தும் எட்டு. அந்த எட்டும் இரட்டைத் தோல்வி முறையில் விளையாடும்: மேல் வரிசையில் தோற்றால் கீழ் வரிசை, அங்கேயும் தோற்றால் முடிந்தது. மொத்தம் 14 தொடர்கள். இறுதி மட்டும் ஐந்தில் மூன்று.

எங்கள் நேரத்துக்கு எப்போது வரும்?

ஊரைப் பொறுத்தது. ஷங்காய், சிங்கப்பூர் நேரத்தில் இருந்து இரண்டரை மணித்தியாலம் கழியுங்கள்: அங்கே காலை 10 என்றால் இங்கே 7.30. செப்டெம்பரில் ஹம்பர்க், கொப்பன்ஹேகன் என்றால் மூன்றரை கூட்டுங்கள். சியாட்டில்தான் தொல்லை, பன்னிரண்டரை கூட்ட வேண்டும். அங்கே காலை 10க்குத் தொடங்குவது இங்கே இரவு 10.30. விடியும்வரை போகும். ஏ.எல். எடுக்கும் பிள்ளைகள் சியாட்டில் ஆண்டில் மறுநாள் மறுஒளிபரப்பைப் பார்ப்பதே நல்லது. முடிவைச் சொல்லிவிடுகிற வாட்ஸ்அப் குழுவை மட்டும் அன்றைக்குத் திறக்காதீர்கள்.

நேரலை பார்த்தால் டேட்டா எவ்வளவு போகும்?

ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் 1080பி தரத்தில் நொடிக்கு 6 மெகாபிட் வைத்தால் மணிக்கு 2.7 ஜிபி. பத்து மணித்தியாலம் ஓடும் நாளுக்கு 27 ஜிபி. 480பிக்கு இறக்கினால் மணிக்கு முக்கால் ஜிபிக்கும் குறைவு, ஆனால் சிறுவரைபடம் மங்கலாகும். கணினியில் டோட்டா இருந்தால் சிறந்த வழி உள்ளேயே இருக்கும் 'டோட்டா டிவி'. அது காணொளியை அனுப்புவதில்லை, யார் எங்கே நகர்ந்தார் என்ற தகவலை மட்டும் அனுப்ப உங்கள் கணினியே படத்தை வரைகிறது. டேட்டா மிகக் குறைவு, படமும் தெளிவு. சில நிமிடம் பிந்தி வரும், அவ்வளவுதான்.

மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: சிறுவரைபடம் திரையின் கீழ் மூலையில் இருக்கும். திரையை நிலத்தோடு கட்டினால் முன்வரிசைத் தலைகள் அதைத்தான் மறைக்கும். அடிவிளிம்பு நிலத்தில் இருந்து ஒன்றேகால் மீற்றராவது உயர இருக்கட்டும்.

விளையாட என்ன கணினி வேண்டும்?

விளையாட்டு இலவசம். வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் இறக்கலாம், 60 ஜிபி இடம் வேண்டும். ஸ்டீம் குறிப்பிடும் குறைந்த அளவு 4 ஜிபி ரேம். அதில் ஓடும், வடிவாக ஓடாது. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் பழைய கணினியிலும் சமாளிக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் ஆட்டத்துக்குள் நீங்கள் நுழைவதற்குள் மற்றவர்கள் பாதைக்குப் போய்விடுவார்கள். தரவரிசை ஆட்டம் திறக்க 100 மணித்தியாலம் விளையாடியிருக்க வேண்டும், தொலைபேசி எண்ணும் இணைக்க வேண்டும்.

எந்தச் சேர்வரைத் தெரிவு செய்வது? பிங் எவ்வளவு இருந்தால் நல்லது?

பிங் என்பது சேர்வருக்குத் தகவல் போய்வர எடுக்கும் நேரம், மில்லிநொடியில். தென்கிழக்கு ஆசியா, இந்தியா இரண்டையும் போட்டுப் பாருங்கள். தென்கிழக்கு ஆசியா என்றால் சிங்கப்பூர். கொழும்பில் இருந்து அது ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதால், போய்வரவே 27 மில்லிநொடி. அதற்குக் கீழே எந்தப் பொதி வாங்கினாலும் வராது. கேபிள் நேர்கோட்டில் கிடப்பதில்லை, எங்கள் இணைப்பும் முதலில் தீவைக் கடந்து மேற்கே போகிறது. ஆகவே நிஜத்தில் இன்னும் கூடத்தான். 100 எம்பிபிஎஸ் பொதியை 300 ஆக்கினால் பிங் குறையும் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

அமைப்புகளில் வலையமைப்புத் தகவலைக் காட்டும் தெரிவை இயக்குங்கள். 70இல் அசையாமல் நிற்கும் பிங், 40க்கும் 140க்கும் நடுவில் ஆடும் பிங்கைவிட எவ்வளவோ மேல். கை 70க்குப் பழகிவிடும், ஆடுகிறதற்குப் பழகாது. இழப்பு வீதம் (வழியில் தொலையும் தகவலின் அளவு) பூச்சியமாக இருக்க வேண்டும். அது 2, 3 என்று காட்டினால் அநேகமாகக் குற்றம் வைஃபையில். கேபிள் போட்டுப் பார்த்த பிறகு சேவை நிலையத்துக்கு எடுங்கள்.

ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால்?

துண்டிக்கப்பட்டவருக்கு 5 நிமிடம் இருக்கிறது, தாண்டினால் கைவிட்டதாகப் பதியும். ஒரு நிமிடத்தில் கரண்ட் திரும்பினாலும் ரவுட்டர் எழும்பி இணைய இரண்டு மூன்று நிமிடம், கணினி, ஸ்டீம், டோட்டா என்று வரிசையாகத் திறக்க இன்னும் இரண்டு. ஐந்து முடிந்தது.

மலிவான தீர்வு ரவுட்டருக்கு மட்டும் ஒரு சிறிய டிசி யுபிஎஸ். வாங்க முன்னர் ரவுட்டரின் அடப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று வாசியுங்கள். மாறிப் போட்டால் ரவுட்டர் போகும். கணினிக்கு 650 விஏ யுபிஎஸ் சில நிமிடம் தாங்கும். குறுகிய மின்வெட்டுக்கு அது போதும், முழு ஆட்டத்துக்குக் காணாது. ஒக்டோபர், நவம்பரில் பின்நேர இடி தொடங்கினால் விளையாட்டை விடுங்கள். பிளக்கையும் இணைப்புக் கம்பியையும் கழற்றி வையுங்கள்.

சனசமூக நிலையத்தில் பத்துக் கணினி வைத்து ஊர்ப் போட்டி நடத்தலாமா?

நடத்தலாம். கவிழ்வது பெரும்பாலும் மின்சாரத்தில். ஒரு கணினியும் திரையும் 300 வாட் என்றால் பத்துக்கும் 3,000 வாட். 230 வோல்ட்டில் அது 13 அம்பியர், அதாவது ஒரு சாதாரணச் சுவர் பிளக்கின் முழு எல்லை. புரொஜெக்டர், ஒலிபெருக்கி, காற்றாடிக்கு மிச்சமே இல்லை. அதனால் இரண்டு தனிச் சுற்றில் இருந்து எடுங்கள், ஒரு அணிக்கு ஒன்று. பலகைக்குப் பலகை செருகிச் சங்கிலி போடாதீர்கள். சுருள் வயரை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருட்டியபடியே பாரம் ஏற்றினால் உள்ளே சூடாகி உருகும். தொட்டுப் பார்க்க வெதுவெதுப்பாக இருந்தாலே குறையுங்கள். கச்சான் காலத்துப் பகலில் தகரக் கூரைக்குக் கீழே கணினிகள் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாலை 4க்குப் பிறகு தொடங்குவது ஆட்களுக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது.

வலையமைப்பு: ஆட்டக்காரர் 10, வர்ணனைக்கு ஒன்று, நடுவருக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று, மொத்தம் 13 வாசல். 16 வாசல் உள்ள கிகாபிட் சுவிட்ச் வாங்குங்கள். 60 ஜிபியைப் பத்துக் கணினியும் தனித்தனியாக இறக்கினால் 600 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு 13 மணித்தியாலத்துக்கு மேல் முக்கும். ஒன்றில் மட்டும் இறக்கி, ஸ்டீமின் பதிவிறக்க அமைப்புகளில் உள்ளூர் வலையமைப்புப் பரிமாற்றத்தை இயக்கினால் மற்றவை அதில் இருந்தே எடுக்கும். முதல் நாள் இரவே ஒவ்வொரு கணினியையும் திறந்து பேட்ச் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று பழைய பதிப்பில் இருந்தாலும் லொபிக்குள் (ஆட்டத்துக்கு முன் கூடும் தனி அறை) வராது, மண்டபமே அதற்காகக் காத்திருக்கும்.

லொபியில்: கெப்டன்ஸ் மோட் (மேலே சொன்ன டிராஃப்ட் முறை), கடவுச்சொல், ஏமாற்றுக் கட்டளைகள் நிறுத்தம், டோட்டா டிவி தாமதம் 2 நிமிடம். தாமதம் வைக்காமல் பெரிய திரையில் நேரலை போட்டால் ஆட்டக்காரர் தலையைத் திருப்பியே எதிராளியின் இடத்தைக் கண்டுகொள்வார். ஆட்டக்காரருக்கு மறைப்புக் கட்டினாலும் சனத்தின் 'ஆ' சத்தம் காட்டிக்கொடுக்கும். உலக அரங்கில் ஒலி புகாத கண்ணாடி அறை வைப்பது இதற்குத்தான். எங்களுக்கு அந்தத் தாமதம்தான் கண்ணாடி அறை.

இடைநிறுத்த விதியை எழுதி ஒட்டுங்கள்: ஒரு அணிக்கு இத்தனை தடவை, ஒவ்வொன்றும் இத்தனை நிமிடம், மீண்டும் தொடங்க இரண்டு தலைவரும் 'ரெடி' எழுத வேண்டும். சண்டை பிடிக்கிறவர்கள் ஆட்டத்துக்குள் பிடிப்பதைவிட இந்த விதி இல்லாததால் வெளியே பிடிப்பதுதான் கூட.

ஒரே ஒரு கணினி மட்டும் லேக் அடிக்கிறது (இழுபடுகிறது). ஏன்?

கேபிளை மாற்றுங்கள். கடற்கரைப் பக்கத்தில் உப்புக்காற்று செருகியின் பொன்முனைகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும், இணைப்பு 1,000இல் இருந்து 100க்கு விழும், பிறகு விட்டுவிட்டு அறுக்கும். முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யும் (செருகியை அழுத்திப் பொருத்தும்) வரிசை, கொக்கி கீழே இருக்க இடமிருந்து வலமாக: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரண்டு முனையும் ஒரே வரிசை. மூன்றாவதும் ஆறாவதும்தான் ஒரு சோடி. பச்சையைப் பச்சையோடு பக்கத்தில் வைத்தால் பார்க்க அழகு, பிங் நாசம்.

அணிக்குள் எந்த மொழியில் பேசுவது?

ஐந்து பேருக்கும் ஒரே நொடியில் விளங்கும் மொழியில். இங்கே ஒரே அணியில் தமிழ் பேசுகிறவரும் சிங்களம் பேசுகிறவரும் இருப்பார்கள், கலந்து பேசுவதில் பிழையில்லை. சொற்களை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 'அங்கே வாறான்' என்பது தகவல் இல்லை. எங்கே, யார்? 'மிட் இல்லை', 'மேலே மூன்று', 'பின்னால் வா', 'பைபேக் இருக்கு' (செத்தாலும் காசு கொடுத்து உடனே எழும்பலாம்) போன்றவை காணும். சண்டை நேரத்தில் ஒருவர் மட்டும் கட்டளை சொல்லட்டும். செத்தவர் வாயை மூடட்டும். இதைப் பழக்குவதுதான் ஆகக் கஷ்டம்.

திருகோணமலை அணி ஒன்று உலகப் போட்டிக்குப் போக வழியே இல்லையா?

வழி இருக்கிறது, ஒடுக்கமானது. சில அணிகளுக்கு நேரடி அழைப்பு, மீதி இடங்களுக்குப் பிராந்தியத் தகுதிச் சுற்று. நாம் தென்கிழக்கு ஆசியாவுக்குள் வருகிறோம், அதாவது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா அணிகளோடு மோத வேண்டும். யாரும் பதியக்கூடிய திறந்த சுற்று வைத்தால் அது இணையத்தில் நடக்கும், வீட்டில் இருந்தே விளையாடலாம். 2018இல் ஓஜி ஆட்டக்காரர்களை இழந்து திறந்த சுற்றில் இருந்து தொடங்கித்தான் கிண்ணம் வென்றது. ஆனால் அவர்கள் அதற்கு முன்னரே உலகத் தரத்தில் விளையாடியவர்கள், அதை மறைத்துக் கதை சொல்லக்கூடாது. முதல் இலக்காக ஒரே ஐந்து பேர் மூன்று மாதம் பிரியாமல் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி ஆட்டம் ஆடுங்கள். பெரும்பாலான அணிகள் அதிலேயே உடைகின்றன.

அரட்டையில் யாராவது சொதப்பினால் '322' என்று எழுதுகிறார்களே, அது என்ன?

2013இல் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் தன் அணி தோற்கும் என்று பந்தயம் கட்டி 322 டொலர் வென்றார். பிடிபட்டுத் தடையும் வாங்கினார். அன்றில் இருந்து வேண்டுமென்றே தோற்பதற்கு அந்த எண்தான் பெயர். உங்கள் ஊர்ப் போட்டியில் யாராவது பக்கத்தில் நின்று பந்தயம் பிடித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், நுழைவுப் பணம் 500 ரூபாவாக இருந்தாலும் சரி.